வாய் நேரான நாள்

முப்பத்திரண்டு வயதில் ரிட்டையர் ஆன ஆளை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். இதோ, நான். அம்புலன்சில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கிவிட்டது. டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனி ஒரு அரிசி மூட்டைகூடத் தூக்கக்கூடாது என்றார். ஆள் தூக்காத அம்புலன்ஸ்காரனை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? கேக் வெட்டி, சுவர்க்கடிகாரம் தந்து அனுப்பிவிட்டார்கள். மறுநாளே பொடியள் எனக்கு 'பென்சன் அண்ணை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பென்சன் கிடையாது, பெயர் மட்டும்தான்.

இதை எழுதச் சொன்னதும் அந்தப் பொடியள்தான். அண்மையில் அவர்களுக்கு வேலைக்கென்று 'ரப்' என்கிற கைக்கணினி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நோயாளியைப் பார்த்தவுடன் அதில் வருகிற கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று விரலால் தட்ட வேண்டும். தேத்தண்ணிக் கடையில் வைத்துப் புதிதாகச் சேர்ந்த ஒருவன் கெத்தாகக் காட்டினான். பாரிசவாதம், அதுதான் பக்கவாதம், என்ற பகுதியைத் திறந்தால் முதல் கேள்வி: 'முகம் கோணியுள்ளதா?'

அதை அவன் கையிலிருந்து வாங்கித் திரும்ப வாசித்தேன். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று தட்டியிருக்க வேண்டிய ஒரு மனிதரை நான் வற்றாப்பளையில் ஏற்றியிருக்கிறேன். அவர் நல்ல சுகத்தோடு நடந்து திரிந்த நாட்களிலெல்லாம் அதே கேள்விக்கு அவருடைய பதில் 'ஆம்'. பம்பலுக்குச் சொல்லவில்லை. வாசித்துப் பாருங்கள்.

நான் கம்பஸில் படித்தது புவியியல். பட்டம் வந்தது, வேலை வரவில்லை. அம்புலன்சுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போட்டுப் பார்த்தேன், கிடைத்துவிட்டது. பயிற்சியில் ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினேன், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டேன், பிரசவம் பார்க்கிற வீடியோவில் தலைசுற்றி விழுந்தேன். அவ்வளவுதான். வன்னிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான வகுப்பு தொடங்கியது.

அந்த வகுப்பின் பெயர் றெஜினா மிஸ். எங்கள் மேற்பார்வையாளர். என்னைவிட இரண்டு வயதுதான் கூட, ஆனால் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிற குடும்பத்துப் பெண். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். நாங்கள் கிட்டப் போய்க் காது கொடுத்துப் பேச்சு வாங்க வேண்டும். அதைவிடக் கொடுமை உலகத்தில் இல்லை.

காலையில் வேலை தொடங்க முதல் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிற்கச் சொல்வார். பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும். கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்க வேண்டும். பலம் குறைந்த கை மெல்லமெல்ல இறங்கும், இறங்கும்போது உள்ளங்கை உள்ளே திரும்பும். அந்தத் திரும்பலைத்தான் பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு வசனம் சொல்ல வேண்டும்: 'வல்லிபுரம் வளவுக்குள்ள வாழையும் வைச்சு வரம்பும் கட்டினான்.' எங்கள் சாரதி யூட் அண்ணை அதைப் பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் உருக்கமாகச் சொல்வார். நான் படத்தில் வில்லன் கதைப்பதுபோல் சொல்வேன். றெஜினா மிஸ் சிரித்ததேயில்லை.

ஒருநாள் இதெல்லாம் தேவையா என்று கேட்டேவிட்டேன். குரல் இறங்கியது.

"சும்மா கிடக்கிற முகத்தை நம்பாத தம்பி. அதுக்கு வேலை குடு. அப்பத்தான் எது வேலை செய்யேல்லை எண்டு தெரியும். இன்னொண்டு. நீ காணுறது இண்டைக்கு இருக்கிற ஆளை. நேற்று இருந்த ஆளை வீட்டுக்காரரிட்டக் கேள்."

சும்மா அவிச்சல், அளப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அடி என் கையிலேயே விழுந்தது. மழை நாள், அழைப்பு ஒன்றும் இல்லை. பொழுது போகாமல் ஆளுக்காள் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கையில் பட்டியைக் கட்டி அமுக்கிய யூட் அண்ணை, இலக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மெசின் பிழை என்றேன். அதே மெசினைத் தன் கையில் கட்டினார், அவருக்குச் சரியாகக் காட்டியது. அப்போதும் மெசின் பிழை என்றுதான் சொன்னேன். அடுத்த நாள் றெஜினா மிஸ் என்னைக் கதிரையில் சாய்ந்து இருக்கவிட்டு, கால் இரண்டும் நிலத்தில் படவைத்து, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்குத் தாங்கி, தேத்தண்ணியும் குடிக்க விடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருத்திப் பார்த்தார். அதே கதை. எனக்கு ஒரு தலையிடிகூட இல்லை. காய்ச்சல் என்றால் உடம்பு சுட்டுக் காட்டும், பல்லுக்கொதி என்றால் நித்திரையைக் கெடுக்கும். பிரஷர் ஒரு சத்தமும் போடாது. இருபத்தெட்டு வயதுக்காரன், பந்து விளையாடுகிறவன், எனக்கா?

மிஸ் பிரசங்கம் ஒன்றும் வைக்கவில்லை. முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டார். கொத்து ரொட்டி, அதற்குமேல் பொரித்த கருவாடு. அதற்கு முன்? ஒரு சிகரெட். அதற்குப் பின்? இன்னொரு சிகரெட். நானே சொல்லி நானே கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழமையே கிளினிக்கில் எனக்கும் பிரஷர் குளிசை எழுதிவிட்டார்கள்.

ஆனாலும் பாரிசவாதம் கிழடுகளுக்கு வருகிற வருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை ஓமந்தையில் ஒரு ஓட்டோக்காரர் உடைத்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஓட்டோவின் முன்சில்லு மதகில் ஏறி நிற்க, அவர் உள்ளே சரிந்து இருந்தார். கதை குழறியதால் சனம் வெறி என்று முடிவு கட்டி, தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, முறியட்டும் என்று விட்டுவிட்டது. அவரில் மருந்துக்கும் சாராய மணம் இல்லை. கையை நீட்டச் சொன்னேன், வலது கை மடியை விட்டு எழும்பவில்லை. மர நிழலில் நின்ற ஓட்டோவில் வெயில் ஏறும் வரைக்கும் ஆட்கள் சுற்றி நின்று பகிடி பண்ணியிருக்கிறார்கள். உயிர் தப்பினார். ஓட்டோவை விற்றுவிட்டார்.

ஜெயபுரத்தில் வேறு மாதிரி. வயலில் அறுவடை, வேலையாட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கையிலிருந்து கேத்தல் நழுவி விழுந்தது. ஒரு கண்ணும் இருட்டிவிட்டதாம். நாங்கள் போய்ச் சேர எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. அதே கையால் எங்களுக்குத் தேத்தண்ணி நீட்டி, வீணாக அலைந்துவிட்டீர்களே என்று எங்களுக்காகக் கவலைப்பட்டார். எனக்கும் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தது. றெஜினா மிஸ்ஸுக்குப் போனில் சொன்னேன்.

"கள்ளன் வீடு பாத்திட்டுப் போயிருக்கிறான், தம்பி. திரும்பி வருவான். ஏத்து."

அந்த அம்மாவின் நாடியைப் பிடித்தபோது அது நொண்டி நொண்டித்தான் ஓடியது. ஏற்றினோம். இதயம் ஒழுங்கில்லாமல் துடிப்பதை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். இன்றைக்கும் அவர்தான் அந்த வயலுக்குத் தேத்தண்ணி.

இனி வற்றாப்பளைக் கதை.

கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னிச் சனம் முழுக்க அங்கேதான். ரக்டரிலும் லான்ட்மாஸ்ரரிலும் பானை சட்டியோடு வந்து இறங்கும். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி மரத்தடியில் ஒரு கூடாரம் போட்டு, அம்புலன்சோடு என்னையும் யூட் அண்ணையையும் நிறுத்தியிருந்தார்கள். காலையில் ஒருவர் குதிக்கால் கொப்புளத்துக்கு மருந்து போட வந்தார். கூட மனைவியும் மகளும். பெயர் சின்னராசா, குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து நெல் செய்கிறவர். வெறும் காலோடு நடந்து வந்திருந்தார்.

அவருடைய வாய் கோணல். கடைசிச் சண்டையில் வெடித்த செல் குண்டின் துண்டு ஒன்று இடது காதுக்குக் கீழே பாய்ந்து முகத்து நரம்பை அறுத்திருந்தது. இடது கன்னம் செத்துப்போய்த் தொங்கும். வாய் முழுக்க வலப்பக்கம் இழுபட்டிருக்கும். சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் ஆழமாக ஒரு கோடு விழும். அவர் எந்த நேரமும் சிரித்தார்.

குதிக்காலுக்கு பிளாஸ்ரர் ஒட்டி முடித்தேன்.

"தம்பி, உந்தக் கோணல் வாய்க்கு ஒட்டுற பிளாஸ்ரர் ஒண்டும் இல்லையோ?"

மனைவி தவமணி அன்ரி அவருடைய தோளில் தட்டினார். நேர்த்தியே அதற்குத்தானாம். மகள் கௌசிக்கு ஆவணியில் கலியாணம். செல் பட்ட நாளிலிருந்து ஐயா ஒரு படத்துக்கும் முகம் கொடுத்ததில்லை. மகளின் கலியாணப் படத்தில் நேரான வாயோடு நிற்க வேண்டும் என்று அம்மாளுக்குப் பாற்செம்பு எடுக்கிறார். கௌசி அப்போதும் போனை நீட்டி, பிளாஸ்ரரும் காலுமாக அவரைப் படம் எடுத்துக்கொண்டுதான் நின்றாள். அவர் முகத்தைத் திருப்பினார், அவள் விடவில்லை.

மதியம் திரும்பியிருக்கும். கோயில் பக்கம் திடீரென்று சத்தம். ஒரு தொண்டர் எங்களிடம் ஓடி வந்தார். உதவி கேட்டு வரவில்லை. எங்களுக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசையில் வந்திருந்தார்.

"வந்து பாருங்கோ அண்ணை. கோணல் வாய் ஐயாக்கு வாய் நேராகிட்டுது."

யூட் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு எழும்பினார். நானும் போனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன், வீடியோ எடுக்க.

சின்னராசா ஐயாவை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். சனம் சுற்றி நெருக்கி நின்றது. பெண்கள் அழுதுகொண்டு அவருடைய காலைத் தொட்டார்கள். ஒருவர் நெற்றியில் திருநீறு பூச, இன்னொருவர் அதற்குமேல் பூசினார். பக்கத்தில் நின்றவர் என்னிடம், உப்புத் தண்ணியில் விளக்கெரிகிற கோயிலில் ஒரு வாய் நேராவது பெரிய காரியமா என்றார். வாய் உண்மையிலேயே நேர்தான். மட்டம் வைத்துக் கட்டின வரம்புபோல நேர். கம்பஸ் படித்த எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்த அந்த முகம் அவ்வளவு வடிவாக இருந்தது.

கௌசி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டிருந்தாள். 'முதல்', 'இப்ப'. அதற்குள்ளேயே லைக் ஏறிக்கொண்டிருந்தது. கீழே எல்லாரும் கைகூப்பியிருந்தார்கள்.

முதல் படத்தில் கோணல் வாய், வலது கன்னத்தில் அந்த ஆழமான கோடு, சிரிப்பு. இரண்டாவது படத்தில் கோடு இல்லை. கோடு மட்டுமா இல்லை? சிரிப்பே இல்லை.

எனக்கு மண்டைக்குள் ஒரு குரல் இறங்கியது. சும்மா கிடக்கிற முகத்தை நம்பாத. நேற்று இருந்த ஆளைக் கேள். நேற்று இருந்த ஆளும் இன்றைக்கு இருக்கிற ஆளும் ஒரே போன் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இடது கன்னம் எப்பவோ செத்தது, அது எழும்பி வரவில்லை. இப்போது வலது கன்னமும் விழுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் விழுந்தால் வாய் நேராகத்தானே இருக்கும்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் பயங்கரம். பாற்செம்பு மணலில் கவிழ்ந்து கிடந்தது. கை வழுக்கிவிட்டதாம், ஈரமாம். வலது கை மடியில் உள்ளே திரும்பிக் கிடந்தது. காலையிலிருந்து வாய் மூடாமல் பகிடி விட்ட மனிதர் ஒரு சொல் கதைக்கவில்லை. பக்தியில் நா எழும்பவில்லை என்றார் தவமணி அன்ரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொன்னேன். வலது புருவம் அசைந்தது, வாய் அசையவில்லை. இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். இடது கை வந்தது. வலது கை வரவில்லை. அவர் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார், யாரோ வேறு ஆளின் கை தன் மடியில் கிடக்கிற மாதிரி. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அதற்குள் யாரோ தீர்த்தம் கொண்டுவந்து அவருடைய வாயில் ஊற்றினார்கள். பாதி வலப்பக்கத்தால் வழிந்தது, மீதி புரைக்கேறி இருமினார். விழுங்கத் தெரியாத தொண்டைக்குள் தண்ணீர் போனால் அது நுரையீரலுக்குத்தான் போகும். இரண்டாவது முறை ஊற்ற வந்த கையை நான் எட்டிப் பிடித்துவிட்டேன். தோளில் பச்சைச் சால்வை போட்ட ஒரு பெரியவர் முன்னுக்கு வந்தார்.

"எட தம்பி, அம்மாள் நிமித்தினதை நீ கோணலாக்கப் போறியோ?"

றெஜினா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு வணக்கம் சொல்கிற பழக்கம் இல்லை.

"முகம்?"

"நேரா இருக்கு மிஸ்."

"நேற்று?"

"கோணல். செல் பட்ட இடது பக்கம். இப்ப வலது பக்கமும் அசையுதில்லை. வலது கை இல்லை. கதை இல்லை."

"ரெண்டு பக்கமுமோ?" என்று திருப்பிக் கேட்டார். முதல் தடவையாக அந்தப் பெண்ணுக்கும் திகைப்பு என்று ஒன்று உண்டென்று கண்டேன்.

"கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில நிப்பாட்டாத. ஸ்கான் இருக்கிற இடத்துக்குப் போ. நான் அங்க சொல்லுறன். எப்ப கடைசியா நல்லா இருந்தவர் எண்டு கேட்டு வை. ஏத்து."

ஏற்றலாம், ஆளை விட்டால்தானே. தவமணி அன்ரி அவருடைய கதிரையைப் பிடித்துக்கொண்டார். பால் இன்னும் அம்மாளுக்குச் சேரவில்லை, நேர்த்தி முடியாமல் இடையில் எழும்பிப் போனால் கொடுத்ததை அம்மாள் திருப்பி எடுத்துவிடுவா என்றார். அவருடைய பயம் பொய்யில்லை. இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த முகம் அது. என்னுடைய பயமும் பொய்யில்லை. இரத்தக்கட்டி அடைத்த மூளை, வாய்க்கால் மறித்த பாத்தி மாதிரி. நாங்கள் நின்று கதைக்கக் கதைக்கக் காய்ந்துகொண்டே போகும். அடைப்பைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் எல்லை. அதிலும் முந்தினால் முந்தின அளவுக்குத்தான் லாபம். வாய்வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அன்ரி, ஐயா உங்களை என்னெண்டு கூப்பிடுறவர்?"

அவர் வெட்கப்பட்டார். அந்த நேரத்திலும்.

"'இஞ்சரும்' எண்டு."

"ஒருக்காக் கூப்பிடச் சொல்லுங்கோ."

அவர் கணவரின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார். "இஞ்சருங்கோ. என்னை ஒருக்காக் கூப்பிடுங்கோ."

ஐயா அவரைப் பார்த்தார். வாய் திறந்தது. 'அ' என்று ஒரு சத்தம். திரும்பவும் அதே சத்தம். அதற்குமேல் வரவில்லை. அவருடைய கண்ணில் இருந்தது பக்தி இல்லை, பயம் என்று அவ்வளவு கிட்ட நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. தவமணி அன்ரிக்கும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தார். மணலில் கிடந்த செம்பை எடுத்தார். அடியில் கொஞ்சம் பால் மிஞ்சியிருந்தது. சேலைத் தலைப்பால் செம்பின் விளிம்பைத் துடைத்துப் பச்சைச் சால்வைக்காரரின் கையில் கொடுத்தார்.

"நீங்க கொண்டுபோய்ச் சேருங்கோ. நான் இவரோட போறன்."

அந்த மனிதர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிக்கொண்டு, வழி விடச் சொல்லி அவரே சனத்தை விலத்தினார்.

அம்புலன்சுக்குள் ஏற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தி ஒருக்களித்து வைத்தேன். விரலில் குத்திச் சீனி பார்த்தேன். விரதத்தில் சீனி இறங்கினாலும் ஆள் இப்படிக் குழறலாம், அதனால் அதை முதலில் கழித்துவிட வேண்டும். சீனி சரி. பிரஷர் பட்டியைக் கட்டினேன். இலக்கத்தைப் பார்த்து எனக்கு வியர்த்தது. ஆனால் வழியில் அதை இறக்கப் போகக்கூடாது. அடைபட்ட இடத்துக்கு அந்த அழுத்தத்தால்தான் கொஞ்சமாவது இரத்தம் போய்க்கொண்டிருக்கும், மிச்சத்தை ஆஸ்பத்திரி பார்க்கும். வாயில் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை, ஒரு குளிசையும் கொடுக்கவில்லை. முன்சீற்றில் இருந்த கௌசியிடம் கடைசியாக அவர் சிரித்த படம் எப்போது எடுத்தது என்று கேட்டேன். செம்பைத் தலையில் வைத்து வீதி சுற்றத் தொடங்கியபோது எடுத்ததாம். போனில் நேரம் இருந்தது. அந்த நேரத்தைத்தான் ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். சொல்லி முடித்துப் பார்த்தேன், அவள் அந்தப் பதிவை அழித்துக்கொண்டிருந்தாள். அழிக்கும்போதும் லைக் வந்துகொண்டிருந்தது.

வழி நெடுக எதிரே லான்ட்மாஸ்ரர்கள். யூட் அண்ணை ஹோர்னிலேயே ஒரு செபம் சொல்லிக்கொண்டு வெட்டி வெட்டி எடுத்தார்.

பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவரா என்று தவமணி அன்ரியிடம் கேட்டேன். ஓம் என்றார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறவராம். ஆனால் விரதம் தொடங்கிய நாளிலிருந்து எடுக்கவில்லையாம்.

"குளிசைக் கூட்டில மாட்டெலும்பு கிடக்காமெண்டு ஆரோ சொன்னவை, தம்பி. மச்சம் மாமிசம் எண்டு எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டார். நல்லாத்தானே இருந்தவர்."

எனக்கு அந்த நாளின் உண்மையான அதிர்ச்சி அதுதான். கூட்டுக்குள் மருந்து அடைத்து வருகிற குளிசைதான் அந்தக் கதைக்கு உரியது. ஐயா எடுத்தது சின்ன வெள்ளை வில்லை, கூடே இல்லாதது. ஒரு கேள்வி கிளினிக்கில் கேட்டிருந்தால் போதும். செல்லுக்கும் சண்டைக்கும் தப்பிய மனிதர் ஒரு வெள்ளை வில்லையை விட்டதில் என் கட்டிலில் கிடந்தார். 'நல்லாத்தானே இருந்தவர்' என்ற அந்தச் சொல் எனக்கு நெஞ்சில் குத்தியது. நானும் நல்லாத்தானே இருந்தேன், மெசின் பிழை என்று சொன்ன நாளில். என் குளிசைப் பெட்டி வீட்டு அலுமாரியில் பாதியோடு கிடந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்கள் கட்டிலோடு நின்றார்கள். றெஜினா மிஸ் சொன்னால் சொன்னதுதான். அங்கிருந்த டொக்டர், சின்னராசா ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, முகம் கோணவில்லையே என்றார். அழித்த பதிவின் முதல் படம் கௌசியின் போனில் இன்னும் இருந்தது. வாங்கி நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஸ்கானுக்கு ஓடினார். இரத்தக் கசிவு இல்லை, அடைப்புத்தான். மருந்து ஏற்றினார்கள்.

அந்த மருந்து எல்லோருக்கும் கை கொடுப்பதில்லை. சிலருக்கு மூளையில் இரத்தம் கசியவும் கூடும். அதனால் இரண்டு நாள் நான் ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை. பயம். மூன்றாவது நாள் றெஜினா மிஸ் வந்து என் சட்டைக் கொலரில் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வார்ட்டுக்குப் போனார்.

தவமணி அன்ரி எங்களைத் தூரத்தில் கண்டுவிட்டு எழும்பி ஓடி வந்தார்.

"தம்பி, கோணிட்டுது. வந்து பார், கோணிட்டுது."

கட்டிலில் சின்னராசா ஐயா. வாய் வலப்பக்கம் இழுபட்டுப் பழையபடி கோணல். அந்தக் கன்னத்தில் அந்தக் கோடு. என் வாழ்க்கையில் அதைவிட வடிவான ஒன்றைக் கண்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். சொல்லைத் தேடித் தேடி எடுத்தார்.

"பிளா... பிளாஸ்ரர்... ஒட்டேல்லைப் போல."

றெஜினா மிஸ் அவருடைய கைகளை நீட்டச் சொன்னார். வலது கை வந்தது, கொஞ்சம் தாழ. உள்ளங்கை கொஞ்சம் உள்ளே திரும்பியது. வல்லிபுரம் வசனத்தைச் சொல்லச் சொன்னார், ஐயா வாழையில் தடக்கி நின்றார். பிறகு மிஸ் என் பக்கம் திரும்பி, போனில் அறிவித்தபோது சீனியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை தம்பி என்றார். குரல் இறங்கியிருந்தது. ஆனால் கண் சிவந்திருந்தது, அதை நான் கண்டுவிட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

பொடியள், இதைத்தான் உங்களுடைய ரப்பில் தட்ட முடியாது. இந்த வன்னியில் செல் தின்ற முகம் இருக்கிறது, துண்டு தங்கிய கை இருக்கிறது, சண்டையில் கேட்டல் போய்க் கதை மாறின ஆட்கள் இருக்கிறார்கள். 'கோணியுள்ளதா' என்று கேட்காதீர்கள். 'மாறியுள்ளதா' என்று கேளுங்கள். முகம், கை, கதை, கண், நடை எதுவென்றாலும் திடீரென்று மாறினால், ஒருநாளும் வராத மாதிரித் தலை வெடித்தால், அது வெறியோ வெயிலோ அருளோ என்று பட்டிமன்றம் வைக்காமல் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முதல் ஒருவரையும் குடிக்கக் கொடுக்க விடாதீர்கள். வேலை இல்லாத நேரம் ஆளுக்காள் பிரஷர் பாருங்கள், மெசின் பிழை என்று சொல்கிறவனைத் திரும்பப் பாருங்கள். சிகரெட்டையும் கருவாட்டுப் பொரியலையும் நான் விட்டது மிஸ்ஸுக்குப் பயந்து இல்லை, மடியில் கிடந்த அந்தக் கையைக் கண்டு. என் குளிசைக்கு விரதமும் இல்லை, லீவும் இல்லை.

ஆவணியில் கௌசியின் கலியாணத்துக்கு எங்கள் மூன்று பேருக்கும் சொல்லியிருந்தார்கள். என் முதுகு அப்போதே மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது, பந்தலில் ஒரு கதிரையோடு சாய்ந்து நின்றேன். முன்வரிசையில் பச்சைச் சால்வைக்காரர். செம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு முதல் மரியாதை. சின்னராசா ஐயா மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றார், வலது கையை மகளின் தோளில் வைத்துக்கொண்டு. அந்தக் கை அங்கே ஏறக் கொஞ்ச நேரம் எடுத்தது. மாப்பிள்ளை காத்துக்கொண்டு நின்றான்.

படம் எடுக்கிறவர் வெளியூர்க்காரர். கமராவுக்குள் ஒருமுறை பார்த்தார், தலையை எடுத்தார், திரும்பவும் பார்த்தார்.

"ஐயா, வாயைக் கொஞ்சம் நேரா வைச்சுச் சிரிக்கிறியளோ?"

ஐயா முகத்தைத் திருப்பப் போனார். தவமணி அன்ரி அவருடைய தாடையைப் பிடித்து கமராவின் பக்கம் திருப்பினார்.

"நேரா எடுக்காதையுங்கோ, தம்பி. கோணலாத்தான் எடுக்கோணும்."